வீதியில் மறித்துச் சட்டைப்பைக்குள் கை விடப் பொலிசுக்கு என்ன காரணம் வேண்டும்?

கடுக்கன்காரன்:

புலம்ப வரவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறேன். எந்தச் சந்தி, எந்தப் பொலிஸ் நிலையம் என்று போடமாட்டேன், கேட்காதீர்கள். நான் போன் திருத்தும் கடையில் வேலை. கடை பூட்டிச் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது ஏழரை இருக்கும், சிவில் உடையில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டு மறித்தார்கள். "பொலிஸ்" என்று ஒருவர் சொன்னார், அதற்கு மேல் பெயரும் இல்லை, அட்டையும் இல்லை. ஐசி (அடையாள அட்டை) கேட்டார், கொடுத்தேன், அதைப் பார்க்காமலேயே தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது, ஐசி அவரிடம் இருக்கும்வரை நான் எங்கே போவது? மற்றவர் என் காற்சட்டைப் பைகளுக்குள் கை விட்டார், பிறகு பாக்கைக் கவிழ்த்தார். வாடிக்கையாளர்களின் இரண்டு போன், திருப்பாணிப் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் தார் ரோட்டில். என் போனின் லொக்கை எடுக்கச் சொல்லி வட்ஸ்அப்பை ஆறுதலாக வாசித்தார். ஏன் என்று ஒருதரம் கேட்டேன். "உன்ர கடுக்கனும் தலைமயிரும் சொல்லுது" என்று பதில். முக்கால் மணித்தியாலம் நின்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஐசியைத் தந்து "போ" என்றார்கள்.

அம்மா "விட்டதே பெரிய காரியம், நல்லூரானுக்கு ஒரு அர்ச்சனை செய்" என்கிறா. அர்ச்சனை செய்தாயிற்று. இப்போது சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சந்தேகம் என்று எதைச் சொல்வது? கடுக்கன் போதுமா?

கேணியடி:

இளந்தாரி, சைக்கிள், இருட்டு. மூன்று காரணம் இருக்கே, இன்னும் என்ன வேணும்?

மூன்றாம்வருடம்:

சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன், சட்டத்தரணி இல்லை, அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். இங்கே நிறையப் பேர் இங்கிலாந்தைப் போல "நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம்" என்று ஒன்று பொலிசுக்குப் பொதுவாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். இலங்கையில் எங்கள் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் அப்படிப் பொதுவான அதிகாரம் எழுதப்படவில்லை. அதில் கைது இருக்கிறது, கைதானவரைச் சோதிப்பது இருக்கிறது, நீதவான் தரும் தேடுதல் ஆணை இருக்கிறது. மதுவரி, போதைப்பொருள், சுடுகலன் போன்ற தனிச் சட்டங்களில் தேடும் அதிகாரங்கள் வேறாக உண்டு. மோட்டார் வாகனம் ஓட்டினால் மறித்து லைசன்ஸ் கேட்கலாம், சரி. ஆனால் சைக்கிளில் போகிற ஒருவரின் பைக்குள் சும்மா கை விட எந்த வரியைக் காட்டுவார்கள் என்பதுதான் கேள்வி.

அவர்கள் காட்டுவது அனேகமாக 32 ஆம் பிரிவு. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய சந்தர்ப்பங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. முக்கியமானது (1)(ஆ): பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தில் ஒருவர் சம்பந்தப்பட்டிருக்கவேண்டும், அல்லது அவருக்கு எதிராக நியாயமான முறைப்பாடு, நம்பத்தகுந்த தகவல், நியாயமான சந்தேகம் இவற்றில் ஒன்றாவது இருக்கவேண்டும். "சந்தேகம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை பாருங்கள், "நியாயமான" என்ற சொல்லைக் கூடவே கட்டிவைத்திருக்கிறார்கள். 1951 இல் முத்துசாமி எதிர் கன்னங்கரா வழக்கில் நீதியரசர் கிரேஷியன் இதைத்தான் பிடித்துக்கொண்டார், பொலிஸ்காரரின் மனதில் ஏதோ பட்டது என்பது போதாது, அந்தச் சந்தேகத்தைத் தாங்குகிற ஆதாரம் வெளியே இருக்கவேண்டும் என்று. பிறகு வந்த ஜோசப் பெரேரா, சன்ன பீரிஸ் வழக்குகளிலும் உயர் நீதிமன்றம் (இங்கே அதுதான் நாட்டின் அதியுயர் நீதிமன்றம்) இதே தடத்தில்தான் போனது. அந்தத் தடத்தில் பார்த்தால், முதலில் பிடித்துவிட்டு அதன்பிறகு காரணம் தேட முடியாது. மறித்த நிமிடத்தில் கையில் என்ன இருந்தது என்றுதான் பார்ப்பார்கள், மறித்தபின் பையில் என்ன கிடைத்தது என்று அல்ல.

கடுக்கனும் தலைமயிரும் எந்தக் குற்றத்தைக் காட்டுகின்றன? ஒன்றையும் இல்லை. ஒருவன் எப்படிப்பட்டவன் என்று அவர் ஊகித்திருக்கிறார், என்ன செய்தான் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது.

கடுக்கன்காரன்:

ஆனால் என்னைக் கைது செய்யவில்லையே அண்ணை. ரோட்டிலேயே வைத்து விட்டுவிட்டார்கள். அப்ப இந்தக் கைதுப் பிரிவெல்லாம் எனக்குப் பொருந்துமா?

மூன்றாம்வருடம்:

நல்ல கேள்வி. "கைது" என்று வாயால் சொன்னால்தான் கைது என்று இல்லை. நமசிவாயம் எதிர் குணவர்தன என்று ஒரு வழக்கு, 1989 சட்ட அறிக்கையில் இருக்கிறது. மனுதாரர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர், பொலிஸ் அதிகாரி தன்னோடு நிலையத்துக்கு வரச் சொன்னார். கைதுக்குப் பலாத்காரம் நடந்திருக்கத் தேவையில்லை. அவர் தன் பயணத்தைத் தொடர முடியாமல் தடுக்கப்பட்டார், ஆகவே சட்டப்படி அது கைதுதான் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவரையும் கைது செய்யக்கூடாது, கைது செய்தால் காரணத்தைச் சொல்லவேண்டும் என்கிறது. கோவையின் 23 ஆம் பிரிவும் கைது செய்பவர் குற்றச்சாட்டு எப்படிப்பட்டது என்று அறிவிக்கவேண்டும் என்கிறது.

ஐசியை எடுத்துப் பைக்குள் போட்டு முக்கால் மணித்தியாலம் நிறுத்தி வைத்தது அந்த பஸ் கதையை விட எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மறித்து இரண்டு கேள்வி கேட்டு ஐந்து நிமிடத்தில் விட்டிருந்தால் நான் இவ்வளவு அடித்துச் சொல்லமாட்டேன். நேரமும் ஐசியும்தான் உங்கள் கதையில் பலமான இடம். கடுக்கனை எல்லாரும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், ஆனால் வழக்கு என்று வந்தால் ஐசியைத்தான் முன்னுக்கு வைப்பேன்.

பழைய கண்டக்டர்:

அந்த பஸ் வழக்கு எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். 750 பருத்தித்துறை பஸ்ஸில் இருபத்தொரு வருடம் நடத்துநராக நின்றவன் நான். ஒவ்வொரு சென்றியிலும், அதுதான் சோதனைச்சாவடியிலும், பஸ்ஸை நிறுத்தி, கிழவன் கிழவி கைக்குழந்தை என்று பாராமல் எல்லாரையும் இறக்கி, கையில் ஐசியைப் பிடித்தபடி வரிசையாக நடக்கவிட்டு, அந்தப் பக்கம் போய் ஏறச் சொல்வார்கள். சுற்றிவளைப்பு என்றால் இன்னும் மோசம், பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி வைத்து, வண்டிக்குள் முகம் மூடி இருக்கிற காட்டிக்கொடுப்பவன், தலையாட்டி என்போம், தலையை ஆட்டினால் உள்ளே, ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. நியாயமான சந்தேகமாவது ஒன்றாவது. தலை ஆடினால் சந்தேகம்.

அவசரகாலச் சட்டம் 2011 இல் போய்விட்டது, சென்றிகளும் பெரும்பாலும் போய்விட்டன. பழக்கம் போகவில்லை, எங்களுக்கும் போகவில்லை, அவர்களுக்கும் போகவில்லை. இன்றைக்கும் யாராவது காக்கி கை காட்டினால் என் கை தன்பாட்டில் மேல்பைக்குப் போகுது ஐசியை எடுக்க, கேட்கமுதலே. என்னுடைய மகன் சிரிக்கிறான். கடுக்கன்காரத் தம்பி "ஏன்" என்று கேட்டாரே, அந்தச் சொல் என் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. அதைக் கேட்டதற்கே ஒரு சபாஷ்.

ரீச்சரம்மா:

எல்லாரும் ஒரு பக்கம் நின்று கதைக்கிறீர்கள், நான் மற்றப் பக்கம் நிற்கப்போகிறேன், கோபிக்காதீர்கள். முப்பது வருடம் படிப்பித்தேன். என்னிடம் படித்த பிள்ளை ஒன்று ஐஸ் போதைக்கு அடிமையாகி, தாயின் தாலிக்கொடியை அடைவு வைத்து, கடைசியில் வீட்டு யன்னல் கம்பியையே கழற்றி விற்றது. போதைத்தூள் விற்கிறவன் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறான்? பொலிஸ் பத்துப் பேரை மறித்தால்தான் ஒருவன் அகப்படுவான். கள்ளம் இல்லாதவனுக்கு முக்கால் மணித்தியாலம் போனால் என்ன, பிள்ளைகள் தப்பினால் போதும். நீங்கள் சொல்கிற நியாயமான சந்தேகத்தை வைத்துக்கொண்டு பொலிஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

கேணியடி:

ரீச்சர், முக்கால் மணித்தியாலம் போனது உங்களுக்கில்லையே.

மூன்றாம்வருடம்:

ரீச்சரை அப்படித் தட்டிவிட வேண்டாம், அவ சொல்கிற வேதனை பொய்யில்லை. ஆனால் ரீச்சர், "பத்தில் ஒன்று" என்கிற கணக்கை ஓரிடத்தில் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். நியூயோர்க்கில் 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 இலட்சம் தடவை ஆட்களை மறித்தார்கள், அதில் பாதிக்கு மேல் உடம்பைத் தடவிப் பார்த்தார்கள். தடவியதில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதம். பத்துக்கு ஒன்று இல்லை, நூறுக்கு ஒன்றரை. மறிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும். 2013 இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நடைமுறை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது.

இத்தனைக்கும் தடவிப் பார்க்கிற அதிகாரத்தைத் தந்ததே அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம்தான், 1968 இல், டெரி எதிர் ஒஹாயோ. கிளீவ்லண்டில் முப்பத்தொன்பது வருடச் சேவையுள்ள துப்பறிவாளர் மக்ஃபாடன் பின்னேரம் ரோட்டில் நிற்கிறார். இரண்டு பேர் மாறி மாறி ஒரே கடைக் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கூடிக் கதைக்கிறார்கள், ஏறக்குறைய ஒரு டசின் தடவை. மூன்றாவது ஆள் ஒருவன் வந்து சேர்கிறான். கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பெயர் கேட்டார், முணுமுணுத்தார்கள், மேலங்கியின் வெளிப்பக்கத்தைத் தடவினார், துவக்கு தட்டுப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்றது. ஏனென்றால் அவரால் "இதைக் கண்டேன், பிறகு இதைக் கண்டேன்" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடிந்தது. அப்போதும் தந்த அனுமதி ஆயுதத்துக்காக வெளியால் தடவ மட்டும்.

பொலிஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை ரீச்சர். கண்ணைத் திறந்துகொண்டு நின்றால் போதும்.

ரீச்சரம்மா:

சரி தம்பி, ஒருவர் போன் பண்ணி "இன்ன சந்தியில் இன்ன சேட்டுப் போட்ட பெடியன் தூள் வைத்திருக்கிறான்" என்று சொன்னால்? அதுவும் காணாதா?

மூன்றாம்வருடம்:

யார் சொன்னது என்பதைப் பொறுத்தது. எங்கள் சட்டமும் "நம்பத்தகுந்த தகவல்" என்றுதான் கேட்கிறது, வெறும் தகவல் என்றில்லை. நீங்கள் சொன்னதைப் போலவே ஒன்று மயாமியில் நடந்தது. பெயர் சொல்லாத ஒருவர் போன் பண்ணி, பஸ் தரிப்பிடத்தில் கட்டம் போட்ட சேட்டோடு நிற்கிற கறுப்பினப் பெடியனிடம் துவக்கு இருக்கிறது என்றார். பொலிஸ் போனது, கட்டம் போட்ட சேட்டும் நின்றது, துவக்கும் இருந்தது. இருந்தும் 2000 இல் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அந்தச் சோதனை பிழை என்றது. சேட்டு எப்படி என்று சொல்ல ரோட்டால் போகிற எவராலும் முடியும், குற்றத்தைப் பற்றி அவருக்கு உண்மையில் ஏதாவது தெரியுமா என்பதற்கு எந்த உறுதியும் இல்லையே. பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிச் சண்டை என்றால் எங்கள் ஊரில் எத்தனை போன் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ரீச்சரம்மா:

வேலிச் சண்டை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

ஹரோக்காரன்:

லண்டனில் இருந்து. எனக்கு இருபத்தாறு வயதில் இங்கே மறித்தார்கள், அப்போதுதான் 1984 ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டத்தைத் தேடி வாசித்தேன். திருட்டுப் பொருளோ தடைசெய்த பொருளோ இருக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் மறிக்கலாம். சோதிக்கமுன் தன் பெயர், எந்த நிலையம், எதைத் தேடுகிறார், ஏன் தேடுகிறார் என்று சொல்லவேண்டும், சிவில் உடை என்றால் அட்டை காட்டியே ஆகவேண்டும். நடுவீதியில் வெளி மேலங்கி, ஜாக்கெட், கையுறை தவிர வேறொன்றையும் கழற்றச் சொல்ல முடியாது. பிறகு எழுத்தில் பதிவு கேட்டு வாங்கலாம். தோல்நிறம், வயது, உடுப்பு, முந்தி ஒருக்கால் அகப்பட்டவன் என்பவை தனித்து நின்று காரணமாகாது என்று நடைமுறை விதியிலேயே எழுதியிருக்கிறது. கடுக்கன் தம்பி, உங்கள் கேள்விக்கான பதில் இங்கே எழுத்தில் இருக்கிறது.

அதற்காக இது சொர்க்கம் என்று நினைக்கவேண்டாம். 1994 சட்டத்தின் 60 ஆம் பிரிவின் கீழ், வன்முறை நடக்கலாம் என்று மேலதிகாரி ஒரு பகுதிக்குக் கட்டளை போட்டால் அங்கே தனி ஆள் மேல் சந்தேகமே வேண்டாம். 2000 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 44 ஆம் பிரிவும் அப்படித்தான் கிடந்தது. 2003 செப்டெம்பரில் ஆயுதக் கண்காட்சிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்குப் போன ஒரு மாணவனைச் சைக்கிளில் வைத்து மறித்துச் சோதித்தார்கள், கூடவே ஒரு பத்திரிகையாளரையும். இங்குள்ள பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார்கள், 2010 இல் ஸ்திராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் வென்றார்கள். பொலிசின் இஷ்டத்துக்கு எல்லையே வைக்காத அதிகாரம், தனிவாழ்வு உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பு. பிறகு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

கேணியடி:

அங்கேயும் சைக்கிள்காரன்தான். காரில் போகிறவனை எந்த நாட்டிலும் மறிக்கமாட்டான் போல.

ஸ்கார்பரோ குளிர்:

கனடாக் கணக்கையும் எழுதிவிடுகிறேன், இது தம்பியின் பை விஷயத்துக்கு நேராகப் பொருந்தும். வினிபெக்கில் வீடுடைப்பு ஒன்று, பொலிஸ் தேடிப் போன ஆளின் அடையாளத்தோடு ஒருவர் ரோட்டில் நடந்து வந்தார். மறித்தது சரி, பாதுகாப்புக்காக வெளியால் தடவியதும் சரி என்று 2004 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சுவெற்றரின் பைக்குள் மெத்தென்று ஏதோ தட்டுப்பட, பொலிஸ் உள்ளே கை விட்டு எடுத்தது, கஞ்சா. அந்த இடத்தில் பிழையாகிவிட்டது. மெத்தென்ற சாமான் ஆயுதம் இல்லையே, பிறகு ஏன் கை உள்ளே போகவேண்டும்? கஞ்சாவைச் சாட்சியமாக எடுக்கவில்லை, ஆள் விடுதலை.

இஞ்ச வெளியால் தடவுவதும் உள்ளே கை விடுவதும் இரண்டு வேறு விஷயங்கள். ஊரில் அந்த வித்தியாசமே ஆருக்கும் தெரியாது.

மயிலாப்பூர்வாசி:

சென்னையிலிருந்து, குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கவும். இங்கே போதைப்பொருள் சட்டத்தில் 50வது பிரிவு இருக்கு, உடம்பைச் சோதிக்கறதுக்கு முன்னாடி "கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னாடி சோதிக்கணும்னு கேக்க உனக்கு உரிமை இருக்கு"ன்னு போலீஸ் சொல்லியாகணும். 1999ல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதைச் சொல்லாம எடுத்தா அந்தப் பொருளை வைத்திருந்ததுக்கு அதையே சாட்சியமா வச்சுத் தண்டிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. நடைமுறையில் எப்படின்னு கேக்காதீங்க, எல்லா வழக்குலயும் ஒரே மாதிரி டைப் பண்ணின சம்மதக் கடிதம் வரும்.

நெல்லியடி மருமகள்:

பெண்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பெண்ணைச் சோதிக்கவேண்டி வந்தால் இன்னொரு பெண்தான் சோதிக்கவேண்டும், மானம் மரியாதைக்குக் குறைவு வராமல், இதை எங்கள் குற்றவியல் கோவையே சொல்கிறது. என் அனுபவம் ஒன்று. பஸ்ஸை மறித்தார்கள், பெண் பொலிஸ் கூட வரவில்லை, ஒரு ஆண் என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். "பெண் உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கோ, அதுவரை இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே சீற்றில் இருந்துவிட்டேன். முழு பஸ்ஸும் என்னைத்தான் முறைத்துப் பார்த்தது, பொலிசை அல்ல. "பிள்ளை, திறந்து காட்டிவிட்டு விடன், நேரம் போகுது" என்று பின்சீற்றில் இருந்து ஒரு ஐயா. பத்து நிமிடத்தில் அவர்களே விட்டுவிட்டார்கள். கைப்பை உடம்பா என்று வாதாடலாம், எனக்குக் கவலை இல்லை. அதற்குள் என்ன இருக்கும் என்று பெண்களுக்குத் தெரியும்.

பழைய கண்டக்டர்:

அந்த ஐயா நானாக இருக்கக்கூடாது என்று கும்பிடுகிறேன், ஆனால் அப்படித்தான் நானும் சொல்லியிருப்பேன் தங்கச்சி.

கேணியடி:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒன்று மறக்கவேண்டாம். 2016 ஒக்ரோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தி. மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள். முதலில் விபத்து என்றார்கள், உடலில் சூட்டுக்காயம் இருந்தது. ஐந்து பொலிஸார் கைதானார்கள். மறித்தும் நிற்கவில்லை என்றுதான் கதை வந்தது. நீங்கள் ரோட்டில் நின்று 32(1)(ஆ) கதைப்பீர்களா?

மூன்றாம்வருடம்:

இல்லை, கதைக்கமாட்டேன், கதைக்கச் சொல்லவும் மாட்டேன். ஓடாதே, கையைத் தட்டாதே, பிடித்துத் தள்ளாதே. அரச ஊழியரின் கடமைக்குத் தடங்கல் என்று உன்மேலேயே ஒரு வழக்கு வரும், சட்டம் உன் பக்கம் இருந்தாலும் அந்த இரவு உன் பக்கம் இருக்காது. ரோட்டில் செய்யக்கூடியது இரண்டு விஷயம்தான். ஏன் என்று அமைதியாகக் கேட்பது, பெயரும் பதவிநிலையும் கேட்பது. 2006 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகள் பற்றி ஜனாதிபதி விடுத்த பணிப்புரையிலேயே, கைது செய்பவர் பெயரையும் பதவிநிலையையும் சொல்லவேண்டும், உறவினருக்குக் கைது பற்றிய ஆவணம் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. அவ்வளவு கடுமையான சட்டத்துக்கே அப்படி என்றால் சாதாரண ரோட்டு மறிப்புக்கு வேறென்ன?

அந்தச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி, ஏனென்றால் யாராவது "பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எல்லாம் செய்யலாம்" என்று சொல்ல வருவார்கள். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம், தற்காலிகம் என்று வந்து 1982 இல் நிரந்தரமானது. அதன் 6 ஆம் பிரிவில் ஆளையோ வாகனத்தையோ நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் இருக்கிறதுதான். ஆனால் எவருக்கும் இல்லை, பொலிஸ் அத்தியட்சகருக்கும் அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த உப பரிசோதகர் அல்லது அதற்கு மேற்பட்டவருக்கும்தான். அங்கேயும் நியாயமான சந்தேகம் என்ற சொல் கிடக்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவரும் என்ன தரம் என்று தம்பிக்குத் தெரியுமா?

கடுக்கன்காரன்:

பெயரே சொல்லாதவர்கள் தரத்தையா சொல்லப்போகிறார்கள்.

இன்னொன்று கேட்கவேண்டும், இதுதான் எனக்கு இரவில் நித்திரை இல்லாமல் பண்ணுகிறது. பைக்குள் கை விட்டபோது வெறுங்கையா விட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. கையில் ஒரு சின்னப் பக்கற் இருந்திருந்தால்? அப்ப சட்டவிரோதச் சோதனை என்று சொல்லித் தப்பலாமா, கனடா ஆளைப்போல?

மூன்றாம்வருடம்:

இதற்குப் பதில் உனக்குப் பிடிக்காது. சோதனை பிழை என்பதற்காக மட்டும் கிடைத்த பொருளைத் தூக்கி எறிகிற விதி எங்களிடம் பொதுவாக இல்லை, ஆங்கிலேயர் விட்டுப்போன பழைய பாதையில்தான் போகிறோம். அந்தப் பாதையின் பெரிய வழக்கு 1950களின் கென்யா. குருமா என்பவர், கேணியடி அண்ணைக்குச் சந்தோசமான செய்தி, அவரும் சைக்கிளில்தான் போனார். வீதித்தடையில் மறித்துச் சோதித்து இரண்டு தோட்டா எடுத்ததாகச் சொன்னார்கள், அவர் இல்லை என்று மறுத்தார். அங்கிருந்த அவசரகால விதிப்படி உதவிப் பரிசோதகர் தரத்துக்குக் குறைந்தவர்கள் சோதிக்க முடியாது, சோதித்தவர்கள் அந்தத் தரத்தில் இல்லை. மரண தண்டனை வழக்கு. இங்கிலாந்தின் கோமறைக் கழகம், அப்போது குடியேற்ற நாடுகளின் கடைசி மேன்முறையீட்டு மன்றம், சாட்சியம் வழக்குக்குப் பொருத்தமானது என்றால் எப்படி எடுத்தது என்பது பொருட்டல்ல என்று மேன்முறையீட்டைத் தள்ளியது.

ஹெரோயின் 2 கிராம் என்றாலே இங்கே சட்டத்தில் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகிறது. ஆகவே பைக்குள் போகிற கை வெறுங்கையா என்பது சின்னக் கேள்வி இல்லை. முடிந்தால் நீயே உன் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் காட்டு, சத்தமாகச் சொல்லிக்கொண்டு, கடைக்கு முன்னால் வெளிச்சத்தில் நின்று. இது சட்டம் இல்லை, எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொன்ன புத்தி.

போன் வாசித்தது வேறு கதை. 1979 இல் கோவை எழுதியவர்களுக்கு வட்ஸ்அப் கனவிலும் வந்திருக்காது. அமெரிக்காவில் 2014 இல் ரைலி வழக்கில், கைதான ஆளின் போனைப் பார்க்கவும் ஆணை வேண்டும் என்று ஒரே குரலில் தீர்த்தார்கள், ஒருவரின் முழு வாழ்க்கையும் அதற்குள் இருக்கிறது என்று. எங்கள் அரசியலமைப்பில் தனிவாழ்வு உரிமை என்று தனி உறுப்புரையே இல்லை. உன் கையில் இருந்தவை வாடிக்கையாளர்களின் போன்கள் வேறு.

கடுக்கன்காரன்:

அவற்றைத் திறக்கவில்லை, லொக் நம்பர் தெரியாது என்று சொன்னேன். தெரியும்.

ரீச்சரம்மா:

தம்பி, நான் ஒன்று கேட்கட்டா. 2023 டிசம்பரில் "யுக்திய" என்று போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி வீடுவீடாகத் தேடினார்களே, அப்போது நான் கைதட்டினேன். ஐநா நிபுணர்கள் நிறுத்தச் சொன்னபோது "இவர்களுக்கு என்ன தெரியும் எங்கள் கஷ்டம்" என்று திட்டினேன். அந்த யன்னல் கம்பிப் பிள்ளையையும் அந்த நாட்களில் பிடித்தார்கள். விற்றவன் இன்னும் அதே ஒழுங்கையில் இருக்கிறான். அவனை யாரும் மறிப்பதில்லை, அவனிடம் கடுக்கன் இல்லை, வெள்ளை வேட்டியோடு திருவிழாவுக்கு வருகிறான். இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பழைய கண்டக்டர்:

ரீச்சர், வெட்கப்பட எங்கள் எல்லாருக்கும் இருக்கு.

2007 ஜூன் ஞாபகம் வருகிறது. கொழும்பு லொட்ஜுகளில் நின்ற தமிழ் ஆட்கள் 376 பேரைப் பொலிஸ் விடிய எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. காரணம் சொன்னார்களா? நிற்கிறதுக்குத் தக்க காரணம் இல்லையாம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. அன்றைக்குத்தான் நான் முதல்தரம் நினைத்தேன், கோடு (நீதிமன்றம்) என்று ஒன்று எங்களுக்கும் வேலை செய்யும் போல என்று. அது யாரோ ஒருவர் மனுப் போட்டதால் வந்தது, தன்பாட்டில் வரவில்லை.

மூன்றாம்வருடம்:

ஐயா சொன்னதால் கேட்கிறேன். கடுக்கன்காரன், எந்தத் திகதி நடந்தது என்று நீ இன்னும் சொல்லவில்லை.

கடுக்கன்காரன்:

3 ஆம் திகதி.

மூன்றாம்வருடம்:

இன்றைக்கு 24. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும், அதுவும் யாழ்ப்பாணத்தில் இல்லை, கொழும்பு புதுக்கடையில். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலம் இந்தக் கணக்கில் சேராது, 1996 ஆம் ஆண்டு ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி 1996, சட்டத்தின் ஆண்டையே நம்பராக வைத்திருக்கிறார்கள். ஆனால் முறைப்பாட்டுத் துண்டை வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் போதாது, விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டு என உயர் நீதிமன்றம் பிறகு வந்த வழக்குகளில் கேட்டிருக்கிறது. ஆகவே துண்டோடு நிற்காமல் ஒரு சட்டத்தரணியையும் இந்தக் கிழமையே பார்.

கேணியடி:

பெயர் தெரியாத இரண்டு பேருக்கு எதிராக என்னத்தை எழுதுவது?

நெல்லியடி மருமகள்:

தெரிந்ததை எழுதட்டும். நேரம், இடம், மோட்டார் சைக்கிள் என்ன நிறம், யார் உயரம், யார் ஐசியைப் பைக்குள் போட்டது, எந்தப் பைக்குள். பக்கத்தில் கடை ஏதாவது இருந்ததா தம்பி? கமரா வைத்திருப்பார்கள். மூன்று கிழமை என்றால் அழிந்தும் போயிருக்கலாம், ஓடு.

கடுக்கன்காரன்:

எதிரே ஒரு பலசரக்குக் கடை. கமரா இருக்கிறது, அதைப் பூட்டியதே எங்கள் கடைதான், நான்தான் ஏணியில் ஏறினேன். முப்பது நாள் பதிவு நிற்கிற மாதிரி வைத்துக் கொடுத்த ஞாபகம். முதலாளி அண்ணை தருவாரோ தெரியாது, பயந்த மனுசன்.

ரீச்சரம்மா:

எந்தக் கடை என்று இங்கே போடாமல் எனக்குத் தனியாக எழுது. அந்த முதலாளி என்னிடம் படித்தவராக இருந்தால் நானும் கூட வருகிறேன்.

கடுக்கன்காரன்:

எழுதிவிட்டேன் ரீச்சர்.

ரீச்சரம்மா:

ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் பதினெட்டு எடுத்தவன். நாளைக்குப் பத்து மணிக்கு வா, போவம். கடுக்கனோடேயே வா.